எண்பலகை: 1 மேலேயா, 7 மேலேயா?

எண்களை உள்ளிடும் திரையை வடிவமைப்போர் பலர், தொலைபேசியைப்போல 1-2-3 மேல்வரிசையில் வருவதா, கணிப்பானைப்போல 7-8-9 வருவதா என்று தயங்குகின்றனர்.

கற்பது: மேலிருந்து கீழே படிக்கும் கண்ணுக்குத் தொலைபேசி அடுக்கே எளிது.

பிழை: அமெரிக்கத் தொலைபேசித் துறையின் ஆராய்ச்சிக் கூடமான பெல் ஆய்வகத்தில் ஜான் கார்லின் தலைமையிலான குழு பல அடுக்குகளைப் பயனர்களிடம் சோதித்த பிறகே, 1963-இல் வெளிவந்த பொத்தான் தொலைபேசிக்கு 1-2-3 அமைந்தது. 1968-இல் கான்ராட், ஹல் என்ற ஆய்வாளர்கள் தொலைபேசி, கணிப்பான் அடுக்குகள் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, பழக்கமில்லாதவர்கள் கணிப்பான் அடுக்கிலேயே அதிகம் தவறினர்.

வேகம்: 7 மேலுள்ள விசைப்பலகையில் நாள் முழுவதும் கணக்குப் பதிவோரின் விரல், 5-இன் மேலுள்ள சிறு புடைப்பைத் தொட்டதுமே மற்ற எண்களைப் பார்க்காமல் தட்டும், அந்தப் பழக்கத்தைக் குலைப்பது பெரும் அநீதி.

ஆகவே, கட்டணச் செயலி போன்று பொதுமக்கள் தொடும் திரைகளுக்கு 1 மேலேயும், கணக்கரின் விசைப்பலகைக்கு 7 மேலேயும் இருக்கட்டும்.