மூன்று சிவப்பு விளக்குகளும் ஒரு மஞ்சள் விளக்கும்

2010 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றில் மைக்ரோசாஃப்டின் விளையாட்டுக் கருவியான (கன்சோல்) எக்ஸ்பாக்ஸ் 360 இருந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதிலிருந்த சிறு திறப்பின் வழியே செல்பேசி வெளிச்சத்தில் ஓர் எண்ணைப் படிக்க முயன்றுகொண்டிருந்தேன். "மாத்திரை அட்டையா சார், தேதி பார்த்து வாங்க?" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் தேடியது தேதியை அன்று, மின்னோட்ட அளவை. கன்சோலின் பின்புறச் சீட்டில் 16.5 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே இருப்பது தொடக்ககால மதர்போர்டு, 14.2 என்றால் 2007இல் வந்த ஃபால்கன், 12.1 என்றால் 2008இல் வந்த ஜாஸ்பர்; எண் குறையக் குறைய மதர்போர்டு புதியது, சூடும் குறைவு. மூன்றாவது பெட்டியில்தான் 12.1 கிடைத்தது. அதைத்தான் வாங்கினேன்.

ஒரு விளையாட்டுக் கருவியை இப்படிப் பொறுக்கி வாங்க வேண்டிய நிலை ஏன் வந்தது, அப்படி இருந்தும் பக்கத்து அலமாரியிலிருந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3 ஸ்லிம்மை ஏன் விட்டேன் என்பதைச் சொல்வதே இந்த அலசல். நான் எக்ஸ்பாக்ஸ் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். பிளேஸ்டேஷன் 3இல் புளூ-ரே உண்டு, இணையவழி ஆட்டத்துக்குச் சந்தா இல்லை, ஹார்டு டிஸ்க்கைக் கடையில் கிடைக்கும் சாதாரண 2.5 அங்குல டிஸ்க்கால் மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்பாக்ஸில் இவை மூன்றும் இல்லை. போதாக்குறைக்கு, செங்கல் பருமனுக்கு ஒரு மின்மாற்றிப் பெட்டி வேறு தரையில் கிடக்கும். காகிதத்தில் எழுதிக் கூட்டினால் பிளேஸ்டேஷனே வெல்லும்.

பழுதுக் கணக்கிலும் அதுவே வென்றது. அமெரிக்காவில் நீட்டிப்பு வாரண்டி விற்கும் ஸ்கொயர்டிரேட் நிறுவனம் தன்னிடம் பதிவான ஏறத்தாழ 16,000 கன்சோல்களை வைத்து 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் பழுதானவை எக்ஸ்பாக்ஸ் 360இல் 23.7 விழுக்காடு, பிளேஸ்டேஷன் 3இல் 10 விழுக்காடு, நின்டெண்டோ வீயில் 2.7 விழுக்காடு. வீயை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அது சூடு குறைந்த, வேகம் குறைந்த வேறு வகைக் கருவி; பத்துக் கோடிக்கு மேல் விற்றதற்கு அதன் உழைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அன்று நான் தேடிய ஆட்டங்கள் அதில் இல்லை. மற்ற இரண்டில், நாலில் ஒன்று பழுதாகும் கருவிக்கும் பத்தில் ஒன்று பழுதாகும் கருவிக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் கைகாட்டுவார்கள். நான் மாற்றிச் செய்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பழுதான மறுநாள் என்ன நடக்கும் என்பது.

எக்ஸ்பாக்ஸ் 360 விற்பனைக்கு வந்தது 2005 நவம்பரில். அதன் வரைகலைச் சில்லின் மீதிருந்த, சூட்டை இழுத்து வெளியேற்றும் வெப்பத்தகடு, மேலே டிவிடி டிரைவ் உட்கார வேண்டியிருந்ததால், தட்டையாகவும் சிறியதாகவும் அமைந்தது. கருவியைப் போட்டால் சூடேறி விரிவதும், அணைத்தால் குளிர்ந்து சுருங்குவதுமாக நாள்தோறும் நடந்த இழுபறியில் சில்லுக்குள் இருந்த நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டன என்று, பொறியாளர் டாட் ஹோம்டால் மைக்ரோசாஃப்டே 2021இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் விளக்கியிருக்கிறார். வெறும் சூடு மட்டுமன்று, சூடும் குளிரும் மாறி மாறி வந்ததே கேடு. இணைப்பு விட்டதும் முகப்பு வளையத்தின் நான்கு கால்பகுதிகளில் மூன்று சிவப்பாக மினுக்கும். துண்டைச் சுற்றி வைத்து வேண்டுமென்றே சூடேற்றினால் கருவி உயிர்த்தெழும் என்றொரு கைவைத்தியம் அப்போது உலகம் முழுவதும் பரவியிருந்தது. அது சில மணி நேரமோ சில நாளோ தாங்கும், பிறகு முன்னைவிட மோசமாகப் படுத்துக்கொள்ளும்.

தொடக்கத்தில் அமெரிக்காவில் இதற்குக் கொடுக்கப்பட்ட வாரண்டி 90 நாள் மட்டுமே. 2006 டிசம்பரில் அது ஓராண்டாயிற்று. 2007 ஜூலை 5 அன்று, மூன்று சிவப்பு விளக்குப் பழுதுக்கு மட்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று உலகம் முழுவதற்குமாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஏற்கெனவே காசு கொடுத்துப் பழுது பார்த்தவர்களுக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. இதற்கென ஒதுக்கிய தொகை 105 கோடி முதல் 115 கோடி டாலர் வரை. அதுவரை கடைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த கன்சோல்கள் 1 கோடியே 16 லட்சம். வகுத்துப் பார்த்தால் பெட்டி ஒன்றுக்குச் சுமார் 90 முதல் 100 டாலர் வருகிறது; 399 டாலருக்கு விற்ற பொருளுக்கு, ஏற்கெனவே நட்டத்தில் ஓடிய ஒரு பிரிவு, பின்னால் செலவாகப்போகிறது என்று எடுத்துவைத்த தொகை இது. அப்போது எக்ஸ்பாக்ஸ் வணிகத்துக்குப் பொறுப்பாக இருந்த பீட்டர் மூர், தொகையைச் சொன்னதும் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் தயங்காமல் சம்மதித்ததாகப் பின்னாளில் நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். அமெரிக்காவில் பழுதான கருவியை அனுப்புவதற்கு நிறுவனமே காலி அட்டைப்பெட்டியை வீட்டுக்கு அனுப்பியது. ஆட்டக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் சவப்பெட்டி.

இந்த வாரண்டியில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. மூன்றாண்டுக் காப்பு அந்த ஒரு பழுதுக்குத்தான். டிவிடி டிரைவ் படிக்காமல் போனால் வழக்கமான ஓராண்டுதான். திரையில் இ74 என்று காட்டி நிற்கும் கோளாறு 2009 ஏப்ரலில்தான் அதே மூன்றாண்டுக்குள் சேர்க்கப்பட்டது. அதுவரை, மூலம் ஒன்றாக இருக்கக்கூடிய நோய்க்கு அறிகுறி வேறு என்பதற்காகப் பலர் காசு கொடுத்தார்கள். முத்திரைச் சீட்டைக் கிழித்துத் திறந்துவிட்டால் வாரண்டி போயிற்று என்ற மிரட்டலும் உண்டு. (இத்தகைய சீட்டுகள் சட்டப்படி செல்லாமல் போகக்கூடும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் மைக்ரோசாஃப்ட், சோனி, நின்டெண்டோ உள்ளிட்ட ஆறு நிறுவனங்களுக்கு 2018இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது; அப்போது எங்களுக்கெல்லாம் வயது ஏறிவிட்டது.) ஆனாலும், வாங்கும்போதே எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்திருந்தது: மிக அதிகம் வரக்கூடிய, மிகச் செலவு பிடிக்கக்கூடிய அந்த ஒரு பழுது 2013 ஜனவரிவரை என் தலையில் விழாது.

பிளேஸ்டேஷன் 3க்கு வருவோம். அதை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை, நண்பர் வீட்டில் ஆடியதோடு சரி. ஆகவே அதன் பராமரிப்பைப் பற்றி நான் சொல்வதைச் சற்றுத் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். முதல் பருமனான மாடல்களில் மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரிந்து, சிவப்பு மினுக்கத் தொடங்கி, கருவி அணைந்துபோகும் பழுது இருந்தது. பிபிசியின் வாட்ச்டாக் நிகழ்ச்சி 2009 செப்டம்பரில் இதைக் கையிலெடுத்தபோது, பிரிட்டனில் விற்றவற்றில் அரை விழுக்காட்டுக்கும் குறைவானவையே இப்படிப் பழுதாயின, இது உற்பத்திக் குறை அன்று என்பது சோனியின் நிலையாக இருந்தது. அந்தக் கணக்கு சரியாகவே இருக்கட்டும். அந்த அரை விழுக்காட்டில் ஒருவராக, ஓராண்டு வாரண்டி முடிந்த மறுமாதம் சிக்கிக்கொண்டவருக்கு அந்த எண்ணால் என்ன பயன்? அவர் கையிலிருந்து காசு போனது போனதுதான். நான் வாங்கிய காலத்தில் வந்திருந்த ஸ்லிம் மாடல் இதில் எவ்வளவோ மேல் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அப்போது அது சந்தைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, நம்புவதற்கு வரலாறு போதவில்லை.

இது விற்பனையை எப்படிப் பாதித்தது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. நாலில் ஒன்று சாகும் கருவி சந்தையிலிருந்தே துடைத்தெறியப்பட்டிருக்க வேண்டும். மாறாக, அறிவிப்பு வந்த இரண்டு மாதம் கழித்து, 2007 செப்டம்பரில், அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் 360 ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்று வீயையே முந்தியது. பிளேஸ்டேஷன் 3 அந்த மாதம் ஒன்றேகால் லட்சத்தைக்கூட எட்டவில்லை. முழுப் பெருமையும் வாரண்டிக்கே என்று சொன்னால் அது பொய்யாகும். ஆகஸ்டில் விலை 50 டாலர் குறைந்திருந்தது, செப்டம்பர் 25 அன்று எக்ஸ்பாக்ஸுக்கு மட்டுமே வந்த ஹேலோ 3 என்ற ஆட்டம் வெளியானது. ஆனால் வாரண்டி இல்லாமல் அந்த ஆட்டம் மட்டும் வந்திருந்தால், செத்த பெட்டியை வீட்டில் வைத்திருந்தவர் அதை எதில் போட்டு ஆடியிருப்பார்? கையிலிருக்கும் ஆட்டங்களும் நண்பர் வட்டமும் ஒரே கன்சோலில் மாட்டிக்கொண்டிருக்கும்போது, பழுது என்பது வாடிக்கையாளர் வெளியேறும் வாசல். மூன்றாண்டு வாரண்டி அந்த வாசலை அடைத்தது என்பதே என் கணிப்பு. கடைசியில் எக்ஸ்பாக்ஸ் 360 சுமார் 8.4 கோடியும் பிளேஸ்டேஷன் 3 சுமார் 8.7 கோடியும் விற்றன. இந்த எண்ணிக்கைகள் பெட்டிகளுக்கானவை, வீடுகளுக்கானவை அல்ல. காப்புக் காலம் முடிந்தபின் பழுதாகி, வேறு வழியின்றி அதே கருவியை இரண்டாம் முறை வாங்கியவர்களும் இவற்றுக்குள் இருக்கிறார்கள்.

பழைய பெட்டிகளை விற்கும் சந்தையிலும் இதே கதைதான். கன்சோலை வாங்கிய நாளிலிருந்து எண்ணும் வாரண்டி என்பதால், எத்தனை மாதம் மிச்சம் என்பதே விலையாயிற்று. செகண்ட் ஹேண்டில் பார்க்கும்போது விற்பவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, ஒரிஜினல் பில் இருக்கிறதா என்பதுதான்; இரண்டாவது, யாராவது ஹீட் கன் (சுடுகாற்று ஊதும் கருவி) வைத்தார்களா என்பது. ஹீட் கன்னால் சூடேற்றி எழுப்பப்பட்ட பெட்டி கடையில் ஒரு மணி நேரம் அருமையாக ஓடும், வீட்டுக்கு வந்தால் எத்தனை வாரம் என்பது அதன் தலையெழுத்து. இதனாலேயே சற்றுக் கூடுதலாகக் கொடுத்துப் புதிதாக வாங்கினேன்.

பில் வெப்பத்தாளில் அச்சிட்டது. மூன்று வருட வாரண்டிக்குச் சான்று, ஆறே மாதத்தில் வெளிறிப்போகும் தாளில். வாங்கிய அன்றே பக்கத்துக் கடையில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, கடைக்காரரிடம் அவற்றிலும் ரப்பர் ஸ்டாம்ப் வைத்துத் தரச் சொன்னேன். அவர் மறுபடியும் சிரித்தார். 2013 பொங்கல்வரை அந்த ஜெராக்ஸை வெளியே எடுக்கும் தேவை ஒருமுறையும் வரவில்லை. அசல் பில் இன்றும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது, வெறும் வெள்ளைத் தாளாக.