மெய்யெண் பகுப்பாய்வு: படித்து முடித்து எட்டு ஆண்டுகளுக்குப் பின்

பாலக்கோட்டில் இருக்கும் அக்கா மகளுக்குத் தருமபுரியில் எம்.எஸ்சி. கணிதத்தில் இடம் கிடைத்திருக்கிறது. "ரியல் அனாலிசிஸ், அதாவது மெய்யெண் பகுப்பாய்வு, எப்படி இருக்கும் மாமா? அதில்தான் நிறையப் பேர் அரியர் வைப்பார்கள் என்கிறார்களே" என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். தொலைபேசியில் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். அந்தத் தாளை இரண்டு பருவங்கள் படித்தவன், எட்டு ஆண்டுகளாகக் காவேரிப்பட்டணத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணிதம் நடத்திவருபவன் என்ற முறையில் மீதியை இங்கே எழுதுகிறேன்.

பாடம் கடினமானது என்பது என் குறை அன்று. எனக்கு இன்றும் ஆறாதது ஒன்றுதான்: ஒரு நிரூபணத்தின் முதல் வரி எங்கிருந்து வந்தது என்பதை வகுப்பிலும் சொல்வதில்லை, புத்தகத்திலும் சொல்வதில்லை.

எக்ஸின் வர்க்கம் என்ற சார்பு 2-இல் தொடர்ச்சியானது என்று நிறுவ, "1, எப்சிலானில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிய இரண்டில் சிறியதை டெல்டாவாகக் கொள்க" என்று பலகையில் எழுதுவார்கள். (எப்சிலான் என்பது வர்க்கத்தில் அனுமதிக்கும் பிழை; டெல்டா என்பது அந்தப் பிழைக்குள் நிற்க எக்ஸ் 2-இலிருந்து விலகக்கூடிய தூரம்.) அந்த ஐந்து எதற்கு? எக்ஸ், 2-இலிருந்து 1-க்கு மேல் விலகாதவரை 3-ஐத் தாண்டாது. ஆகவே எக்ஸுடன் 2-ஐக் கூட்டினால் 5-ஐத் தாண்டாது; எக்ஸின் வர்க்கம் 4-இலிருந்து விலகுவதும், எக்ஸ் 2-இலிருந்து விலகுவதன் ஐந்து மடங்கைத் தாண்டாது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டதால், தேர்வில் 2-க்குப் பதில் 3 வந்தபோது, ஏழு வர வேண்டிய இடத்தில் எங்களில் பலர் மனப்பாடம் செய்த ஐந்தையே எழுதிவிட்டு வந்தோம்.

இதைவிட என்னை நெடுங்காலம் அலைக்கழித்தது, எங்கள் பாடநூலின் தொடக்கத்திலேயே வந்த ஒரு சூத்திரம். வர்க்கம் 2-க்குக் குறைவாக உள்ள மிகை விகிதமுறு எண்களில் மிகப் பெரியது என்று ஒன்று கிடையாது என்று காட்ட வேண்டும். அதற்கு, பி என்ற எண்ணின் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழித்து, அதை பி-யுடன் 2-ஐக் கூட்டி வந்த எண்ணால் வகுத்து, கிடைத்ததை பி-யிலிருந்து கழிக்கச் சொல்கிறார்கள். புதிய எண் பி-யைவிடப் பெரியது, ஆனாலும் அதன் வர்க்கம் 2-ஐ எட்டாது. சரிபார்த்தால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் இப்படியொரு எண்ணை எடுக்க ஒருவருக்கு எப்படித் தோன்றியது? வகுப்பில் எழுந்து கேட்டேன். "அது தேர்வுக்கு வராது, உட்கார்" என்பதே பதில்.

விடை கிடைத்தது, படிப்பு முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து. ஒரு மாணவனுக்காக கிராஃப் தாளில் எக்ஸின் வர்க்கம் கழித்தல் 2 என்ற வளைவரையை வரைந்துவிட்டு, 1-க்கும் 2-க்கும் நேரே உள்ள இரு புள்ளிகளின் மேல் அளவுகோலை வைத்து நாண் ஒன்றை இழுத்தேன். அது கிடைமட்ட அச்சை 1-ஐத் தாண்டி மூன்றில் ஒரு பங்கில், அதாவது 4/3-இல் வெட்டியது. சூத்திரத்தில் பி-க்கு 1 என்று போட்டால் வருவதும் அதே 4/3. வகுக்கும் எண்ணாக வந்த பி கூட்டல் 2 என்பது அந்த நாணின் சாய்வு. அடுத்த நாணை 1-க்குப் பதில் 4/3-இலிருந்து 2-க்கு இழுத்தால் 7/5, அடுத்து 24/17, அதற்கடுத்து 41/29. ஒவ்வொன்றும் இரண்டின் வர்க்கமூலத்தை நெருங்குகிறது, ஒன்றும் அதைத் தொடுவதில்லை. அன்று இரவு அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பாடம் தரும் இன்பம் இதுதான், இதற்கு ஈடாக நான் படித்த வேறெந்தத் தாளையும் சொல்ல மாட்டேன். அதே சமயம், ஒரு நாணை வரைந்து காட்ட ஐந்து நிமிடம் போதுமே, அதற்கு ஏன் ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற கோபமும் அன்றே வந்தது.

இந்தத் துறையை உருவாக்கியவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஜெர்மன் கணிதவியலாளர் டெடெகிண்ட் 1858-இல் சூரிச்சில் முதன்முறையாக வகையீட்டு நுண்கணிதம் நடத்தியபோது, அடிப்படையான ஓர் இடத்தில் வடிவகணிதப் படத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது தமக்கு நிறைவளிக்கவில்லை என்றும், அவ்வாண்டு நவம்பர் 24 அன்று விடை கிடைத்தது என்றும், 1872-இல் வெளியிட்ட தம் சிறுநூலின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். எங்களுக்கு, விகிதமுறு எண்களை இரண்டு கூட்டங்களாகப் பிரித்து மெய்யெண்ணை வரையறுக்கும் அவருடைய "வெட்டு" மட்டும் வந்தது, அவருடைய மனக்குறை வரவில்லை.

அந்த இரண்டு பருவங்களில் மறுபடி போய் உட்காரச் சொன்னால் நான் உட்கார மாட்டேன். அக்கா மகளிடமும், வேறு படிப்புக்கு இடம் கிடைத்தால் யோசித்துப் பார் என்றே சொன்னேன். அவள் அந்த கிராஃப் தாளைக் கேட்டாள். கொடுக்க மனம் வரவில்லை, படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.