ஸ்டாண்ட்-அப்: ஆளைக் கேட்பதா, போர்டைப் பார்ப்பதா, எழுதிப் போடுவதா?

சாஃப்ட்வேர் டீம்கள் தினமும் கூடிப் பேசும் குட்டிக் கூட்டமான டெய்லி ஸ்டாண்ட்-அப்பை நடத்த இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொருவராகச் சுற்றி வந்து பேசுவது பழைய வழி. எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் போர்டில் இருக்கிற டிக்கெட்டுகளை (ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறிப்பு) வரிசையாகப் பார்ப்பது இன்னொன்று. கூட்டமே வேண்டாம், ஸ்லாக் சாட்டில் நாலு வரி போட்டால் போதும் என்பது மூன்றாவது. என் ஓட்டு போர்டுக்குத்தான். ஆனால் மற்ற இரண்டும் ஜெயிக்கிற இடங்கள் உண்டு.

முதல் வழி எல்லோருக்கும் மனப்பாடம்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், ஏதாவது தடை இருக்கிறதா. இந்த மூன்று கேள்விகள்தான் பல டீம்கள் பின்பற்றும் வேலை முறையான ஸ்கிரமின் சட்டம் என்று பலரும் இன்னும் நம்புகிறார்கள். அந்த முறையை விளக்கும் கையேடான ஸ்கிரம் கைடின் 2017 பதிப்பிலேயே அவை ஓர் உதாரணமாகத்தான் நின்றன. 2020 நவம்பர் பதிப்பில் அதுவும் போய்விட்டது. இப்போது அது கேட்பதெல்லாம் தினமும் ஒரே நேரத்தில், 15 நிமிடத்துக்குள், ஸ்பிரிண்ட் எனும் குறுகிய வேலைச் சுற்றின் இலக்கை நோக்கிப் பேசுங்கள் என்பதுதான். எப்படிப் பேசுவது என்பது டீமின் விருப்பம். நின்றுகொண்டு பேச வேண்டும் என்றும் அதில் இல்லை. நிற்பதில் பலனே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. உட்கார்ந்து நடத்திய கூட்டங்கள் சுமார் 34% கூடுதல் நேரம் எடுத்தன, ஆனால் முடிவுகள் ஒன்றும் மேலானதாக இல்லை என்று 1999-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வீடியோ காலில் எல்லோரும் நாற்காலியில்தான் இருக்கிறோம், அது வேறு கதை.

மூன்று கேள்விகளின் கோளாறு எங்கே என்று பாருங்கள். ஒருவர் சொல்கிறார்: "நேற்று பேமென்ட் டிக்கெட் முடிச்சு ரிவ்யூவுக்குப் போட்டுட்டேன். இன்றைக்கு ரிப்போர்ட் பக்கம் எடுக்கிறேன். பிளாக்கர் எதுவும் இல்லை." அடுத்தவர் வேறு ஏதோ டிக்கெட்டைச் சொல்லி, அவரும் "பிளாக்கர் இல்லை" என்கிறார். இரண்டு நாள் கழித்தும் அந்த பேமென்ட் டிக்கெட், இன்னொருவர் சரிபார்ப்பதற்காக, ரிவ்யூவிலேயே கிடக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. எழுதியவருக்குத் தன் பங்கு முடிந்தது. மற்றவர்களுக்கு அது தங்கள் வேலையே இல்லை. கேள்வி ஆளைப் பற்றியதாக இருக்கும்வரை, ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் விழுந்த வேலை யார் பதிலிலும் வராது.

போர்டைப் பார்க்கும் முறையில் இதே டிக்கெட் முதல் இரண்டு நிமிடத்திலேயே மாட்டிக்கொள்ளும். வலது ஓரத்தில், முடிவுக்கு மிக அருகில் இருக்கும் வேலையில் தொடங்கி இடது பக்கம் நகர வேண்டும். போர்டை வைத்தே வேலையை நடத்தும் கான்பன் முறை டீம்களின் பழக்கம் இது. புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட, பாதியில் நிற்பதை முடிப்பது முக்கியம் என்பதால்தான் இந்தத் திசை. "இது ரிவ்யூவில் இரண்டு நாளா நிக்குது. இன்றைக்கு யார் பார்க்கிறீங்க?" "மதியத்துக்குள்ள நான் பார்த்துடறேன்." அவ்வளவுதான், அடுத்த டிக்கெட். அந்த டிக்கெட்டின் புரோகிராம் கோடில் இன்னொரு சந்தேகம் கிளம்பினால், சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் கூட்டம் முடிந்த பிறகு நின்று பேசிக்கொள்ளலாம். மற்றவர்களைப் பிடித்து வைக்க வேண்டியதில்லை.

இதற்கும் குறை உண்டு. போர்டு நேற்றைய நிலையில் இருந்தால் கூட்டமே டிக்கெட்டை நகர்த்தும் வேலையாகிவிடும். நாற்பது டிக்கெட் இருந்தால் எல்லாவற்றையும் படிக்கக் கூடாது. நகராமல் நிற்பதை மட்டும் தொட்டால் போதும். சப்போர்ட் கால், இன்டர்வியூ மாதிரி போர்டில் ஏறாத வேலைகளும் கண்ணில் படாது. அதனால் கடைசியில் "போர்டில் இல்லாத வேலை யாரிடமாவது இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. புதிதாகச் சேர்ந்தவர், வாய் திறக்கத் தயங்குகிறவர் இதில் மறைந்துபோகவும் வாய்ப்பு இருக்கிறது. மூன்று கேள்விகள் முந்துவது அங்கேதான்: ஒவ்வொருவருக்கும் முறை வந்தே தீரும். புது டீம் என்றால் முதல் சில வாரம் அதையே வைத்துக்கொள்ளலாம்.

எழுதிப் போடும் வழி, நேர மண்டலம் தாண்டிச் சிதறிய டீமுக்கு வரம். வேலையை முடித்துவிட்டுக் கிளம்புகிறவர் எழுதுவதை, அப்போதுதான் லாகின் செய்கிறவர் படிக்கிறார். யாரும் நடுராத்திரியில் வீடியோ காலில் உட்கார வேண்டாம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்கிற டீமில் இதை வைத்தால் கொஞ்ச நாளில் ஒப்புக்கு எழுதுவதாகிவிடும். தானாகக் கேள்வி அனுப்பும் பாட் (bot) கேட்கும், நேற்றைய வரியை காப்பி அடித்துப் போடுவார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். காலையில் "சர்வர் அக்சஸ் கிடைக்கலை" என்று போட்டவருக்கு மாலையில் பதில் வந்தால் ஒரு நாள் போனதுதான். இந்த வழியில் போகிறீர்கள் என்றால், தடையை எழுதும்போது யாரிடமிருந்து என்ன வேண்டும் என்று பெயரை டேக் செய்து எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். வாரத்தில் ஓரிரு நாளாவது நேரில் அல்லது வீடியோ காலில் போர்டைப் பாருங்கள்.

ஆள் எண்ணிக்கை கூடினால் எந்த வழியும் உதவாது. பதினைந்து பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினாலே நேரம் காலி. ஸ்கிரம் கைடு சொல்வதும் பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கும் குறைவு என்பதுதான்.

மேனேஜர் விஷயமும் அப்படியே. அந்தக் கூட்டம் டெவலப்பர்களுக்கானது என்று கைடு தெளிவாகவே சொல்கிறது. பேசுகிறவர் கண் சக ஆட்களைவிட மேனேஜரையே தேடினால், எந்த முறைக்கு மாறினாலும் கிடைப்பது வருகைப் பதிவேடுதான். "ஏன் இன்னும் முடியலை?" என்று அங்கே ஒருமுறை கேட்டால் போதும், மறுநாளிலிருந்து எல்லா டிக்கெட்டும் "கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு" ஆகிவிடும்.

எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், இன்று உங்கள் போர்டில் ரிவ்யூவிலும் டெஸ்டிங்கிலும் இரண்டு நாளுக்கு மேல் நிற்கும் டிக்கெட்டுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பிரிண்ட் முழுக்க வலமிருந்து இடமாகப் போர்டைப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை குறையவில்லை என்றால் சிக்கல் ஸ்டாண்ட்-அப்பில் இல்லை. ஒரே நேரத்தில் ஆளுக்கு எத்தனை வேலை கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.