நாகமலை ரோட்டு அக்கா கடை: பி.ஜி. ஸ்காலர்ஷிப் போடப் போறவங்க போகலாமா?

காளவாசல்ல இருந்து நாகமலை போற ரோட்டுல இருக்க அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போயி பி.ஜி. ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் போடலாமான்னு கேட்டா, தாராளமா போங்க, ஆனா உங்க போனு உங்க கையிலயே இருக்கட்டும். கடை பேரு எனக்கே தெரியாதுங்க, போர்டுல மேல்பாதி வெயில்ல உரிஞ்சு போயி ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், ஆன்லைன் அப்ளிகேஷன்னு கீழ்பாதி மட்டுந்தான் மிச்சம் இருக்கு. யுனிவர்சிட்டி பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் அக்கா கடைன்னுதான் சொல்லும். நான் போனது தங்கச்சிக்காக, அவ இந்த வருஷந்தான் எம்.எஸ்சி. சேர்ந்தா.

இந்தக் கடையில காசு குடுக்குறது டைப் அடிக்கிறதுக்குன்னு நெனச்சா, வேற எங்கயாச்சும் போயிரலாம், டைப் எவனும் அடிப்பான். அந்தக்கா மவுஸத் தொடுறதுக்கு முன்னாடி கேள்வியாக் கேக்கும். ரெகுலரா கரஸ்ஸா, எத்தனாவது வருஷம், வயசு என்ன, வீட்டு வருமானம் சர்டிபிகேட்ல எம்புட்டுப் போட்டிருக்கு, ப்ளஸ் டூ எந்த வருஷம் முடிச்ச, யு.ஜி.ல ஏதாச்சும் ஸ்காலர்ஷிப் வாங்குனியா. இதுக்குப் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உங்களுக்கு எதெது ஆகாதுன்னு அதுவே கழிச்சு விட்டுரும். எது கிடைக்கும்னு சொல்ல ஊர்ப்பட்ட யூடியூப் இருக்கு, எது கிடைக்காதுன்னு காசு வாங்காம சொல்ற ஆளு மதுரையில நான் பாத்தது இது ஒண்ணுதான்.

எங்களுக்கு முன்னாடி நின்ன பிள்ளைக்கு புதுமைப் பெண் ஆயிரம் ரூவா பி.ஜி.லயும் வரும்னு யாரோ சொல்லி விட்டிருக்காங்க. "அது யு.ஜி.யோட முடிஞ்சுச்சு பாப்பா, ஆதாரை உள்ள வையி"ன்னு சொல்லிட்டு அக்கா அடுத்த ஆளக் கூப்பிட்டுருச்சு. முதல் பட்டதாரி சர்டிபிகேட்டத் தூக்கிட்டு வந்த இன்னொரு பையனுக்கும் அதே கதைதான், அது இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்பு யு.ஜி. சேரும்போது ட்யூஷன் பீஸ் கழிக்கிறதுக்கு உள்ளது, எம்.ஏ.வுக்கு அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

இதுல நெறையப் பேரு ஏமாறுறது சென்ட்ரல் செக்டர் ஸ்காலர்ஷிப்லதான். பி.ஜி.க்கு வருஷம் 20,000 ரூவான்னு போட்டிருக்கா, ஒடனே எல்லாரும் ஓடியாந்துருறாங்க. ஆனா அது ப்ளஸ் டூ மார்க்க வச்சு, போர்டுல 80 பெர்சன்டைலுக்கு மேல (80 மார்க் இல்ல, அந்த போர்டுல எழுதுனவங்கள்ல மொத 20 சதவீதத்துக்குள்ள) இருக்க பிள்ளைங்க, வீட்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா, யு.ஜி. மொத வருஷத்துலயே போட்டிருக்கணும். யு.ஜி. மூணு வருஷமும் 12,000 வாங்கி வருஷா வருஷம் ரினீவல் பண்ணிட்டு வந்தவங்களுக்குத்தான் பி.ஜி.ல அந்த 20,000. பி.ஜி. வந்து புதுசா போடுறதுக்கு அதுல வாசலே கிடையாது. யு.ஜி.ல தம்பி தங்கச்சி வச்சிருக்கவங்க இத இப்பவே அதுகளுக்குச் சொல்லி வைங்க.

தங்கச்சிக்கு அக்கா எடுத்துக் குடுத்தது ரெண்டு வழி. ஒண்ணு, யுஜிசி 2023-ல பழைய பி.ஜி. ஸ்காலர்ஷிப்ப எல்லாம் ஒண்ணா சேத்து ஆரம்பிச்சது, நேஷனல் ஸ்காலர்ஷிப் பார் போஸ்ட் கிராஜுவேட் ஸ்டடீஸ்னு பேரு. மாசம் 15,000, வருஷத்துல பத்து மாசம், ரெண்டு வருஷத்துக்கு. நாடு முழுக்க 10,000 பேருக்கு, அதுல 30 சதவீதம் பொம்பளப் பிள்ளைங்களுக்கு. 30 வயசுக்குள்ள இருக்கணும், மொத வருஷத்துலயே போடணும், யு.ஜி. மார்க்கு நல்லா இருக்கணும். இன்னொண்ணு நம்ம ஸ்டேட் கவர்மென்ட் பிசி, எம்பிசி பிள்ளைங்களுக்குக் குடுக்குறது, வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள, அதுக்கு யுமிஸ் நம்பர் வேணும், காலேஜ் பிள்ளைங்க விவரத்த ஏத்துற ஸ்டேட் கவர்மென்ட் போர்ட்டல்ல வர்ற நம்பர், அத காலேஜ் ஆபிஸ்லதான் போட்டுத் தரணும். "ஒரே நேரத்துல ரெண்டையும் கையில வச்சுக்க முடியாது, பெருசு வரலைன்னா சின்னதாவது நிக்கட்டும்"னு அக்கா சொன்னதுதான் எங்களுக்கு வெளங்குன மாதிரி யாரும் சொன்னதில்ல.

பக்கத்துல உசிலம்பட்டிப் பையன் ஒருத்தன் எஸ்சி போஸ்ட் மெட்ரிக், அதான் பத்தாவதுக்கு மேல படிக்கிற எஸ்சி பிள்ளைங்களுக்கான ஸ்காலர்ஷிப், போட வந்திருந்தான். அதுலயும் ரெண்டரை லட்சந்தான், மத்திய அரசு 60 சதவீதம் ஸ்டேட்டு 40 சதவீதம், அந்த 60 பங்கு நேரா பிள்ளை அக்கவுண்ட்டுக்கே வரும். இதத் தெரியாம பணம் காலேஜுக்குப் போயிருக்கும்னு நெனச்சுக்கிட்டு, வந்த காச எடுத்துச் செலவு பண்ணிட்டு அப்புறம் பீஸ் பாக்கின்னு முழிக்கிற பயலுக ஜாஸ்தியாம்.

இப்ப மெயின் விஷயத்துக்கு வாரேன், பேரு. நம்ம ஊர்ல இனிஷியல் இருக்கே, அது ஒரு மாயாவி. ஆதார்ல பேருக்கு முன்னாடி நிக்கும், மார்க் ஷீட்ல பின்னாடி நிக்கும், பேங்க் பாஸ்புக்ல இனிஷியலே இல்லாம அப்பா பேரு முழுசா ஒட்டிக்கிட்டு இருக்கும், வருமானச் சான்றிதழ்ல அப்பா பேருல ஒரு எழுத்து முழுங்கியிருக்கும். மனுசனுக்கு இது நாலும் ஒரே ஆளு, கம்ப்யூட்டருக்கு நாலு ஆளு. அக்கா எல்லாத்தையும் மேசையில வரிசையாப் பரப்பி வச்சு ஸ்கேல வச்சு ஒவ்வொரு எழுத்தாப் பாக்கும். ஒத்துப் போகலைன்னா அப்ளிகேஷனத் திறக்கவே திறக்காது, "போயி மாத்திட்டு வா"ன்னு அனுப்பிரும். இதுல கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனவங்களையும் பாத்தேன். எங்களையும் அனுப்புச்சு, அப்பா வருமானச் சான்றிதழ் போன வருஷத்தோடது. அது ஒரு வருஷந்தான் செல்லும். இ-சேவையில 60 ரூவா கட்டி விண்ணப்பிச்சா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஒவ்வொரு மேசையா நகந்து வரணும், அதனால ரிசல்ட்டு வந்த கையோட மொத வேலையா அதப் போட்டு வைங்க.

அடுத்தது பேங்க். ஆதார் லிங்க் ஆயிருச்சுன்னு பேங்க்ல சொல்லுவாங்க, அத நம்பாதீங்க. கேஒய்சிக்கு ஆதார் குடுத்திருக்கறது வேற, கவர்மென்ட் பணம் ஆதார் வழியா வந்து விழுறதுக்கு என்பிசிஐ மேப்பர்ல (எந்த ஆதாருக்கு எந்த பேங்க்னு வச்சிருக்க பட்டியல்) ஏத்துறது வேற. எங்க பேங்க் பிராஞ்ச்ல லிங்க் ஆயிருச்சும்மான்னு அடிச்சுச் சொன்னாங்க, அக்கா ஆதார் வெப்சைட்ல பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் எடுத்துக் காட்டுனா அங்க வேற பேங்க் பேரு நிக்கிது! தங்கச்சி ஸ்கூல் படிக்கும்போது எதுக்கோ ஆரம்பிச்ச கணக்கு, அதுல பணம் போட்டு எடுத்து எந்தக் காலமாச்சு. கடைசியா எந்தக் கணக்க ஏத்துனமோ அங்கதான் காசு போகும், பாஸ்புக் ஜெராக்ஸ்ல எந்த நம்பர் இருந்தா என்ன. எங்கம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூவா வராம இருந்ததுக்கும் இதே கூத்துதான் காரணம்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு.

என்எஸ்பில, அதான் மத்திய அரசோட நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல, இப்ப ஓடிஆர்னு (ஒன் டைம் ரிஜிஸ்ட்ரேஷன்) ஒரு நம்பர் எடுக்கணும், படிக்கிற காலம் முழுக்க ஒரே நம்பர். அதுக்கு ஆதார்ல இருக்க மொபைலுக்கு ஓடிபி வரும், அப்புறம் மூஞ்சியக் காட்டி பேஸ் ஆத்தென்டிகேஷன் பண்ணணும். கடைக்குள்ள அந்த டியூப் லைட் வெளிச்சத்துல ஆப்பு மூஞ்சிய ஏத்துக்க மாட்டேங்குது, அதனால அக்கா எல்லாரையும் வெளிய வேப்ப மரத்துக்கு அங்குட்டு வெயில்ல நிப்பாட்டிக் கண்ணச் சிமிட்டச் சொல்லும். ரோட்டுல போற டவுன் பஸ்ஸே வேடிக்கை பாக்கும். சிரிச்சிராதீங்க, சிரிச்சா மறுபடியும் மொதல்ல இருந்து.

இனி குறை. அக்கா சாப்பிடப் போற நேரம் ஒரு தம்பி உக்காருவாரு, கை வேகமா ஓடும், கண்ணு ஓடாது. எது கேட்டாலும் அதர்ஸ்னு அமுக்கி விட்டுட்டுப் போயிட்டே இருப்பாரு. அக்கா வர்ற வரைக்கும் காத்திருக்கறது நல்லது. அதவிட எனக்கு உறுத்துனது அந்த டெஸ்க்டாப். வந்தவங்க ஆதாரு, பாஸ்புக்கு, மார்க் ஷீட்டு எல்லாம் ஸ்கேன் பண்ணி ஸ்கிரீன் பூராம் பரப்பிப் போட்டிருக்கு, பின்னாடி நிக்கிறவன் படிக்கிற மாதிரி. "அடுத்த வருஷம் ரினீவலுக்கு வருவீங்கல்ல, அதுக்குத்தான்"னு சொல்லுது, அது நல்ல மனசுதான், ஆனா நாங்க எங்க பைலை நின்னு டெலிட் பண்ண வச்சு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணச் சொல்லிட்டுத்தான் கெளம்புனோம். முகஞ்சுளிச்சுச்சு, இருந்தாலும் பண்ணிருச்சு. பாஸ்வேர்ட நோட்டுல எழுதி வைக்கிறேன்னு சொல்லும், வேணாம்னு சொல்லிருங்க. வேற ஒரு கடையில மொபைல் நம்பர் கேட்ட எடத்துல கடைக்காரரு சொந்த நம்பரப் போட்டுட்டு, அப்புறம் ஒவ்வொரு ஓடிபிக்கும் பிள்ளைங்கள அங்குட்டும் இங்குட்டும் அலைய விட்ட கதை ஒண்ணு தங்கச்சி கிளாஸ்லயே இருக்கு. அக்கா அந்த வேலை பண்ணாது.

வெளிநாட்டுல பி.ஜி. படிக்கப் போறவங்களுக்கு இந்தக் கடை ஆகாது. வெளிநாட்டுப் படிப்புக்கு மத்திய அரசு குடுக்குற நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்ல மொத்தமே 125 எடம், 35 வயசு, எட்டு லட்சம் வருமானம்ங்கிற வரைக்கும் சொல்லுச்சு, அதுக்கு மேல கேட்டா "கலெக்டர் ஆபிஸ்ல போயி விசாரிங்க தம்பி"தான். எம்.இ., எம்.டெக். பசங்க கேட் (GATE) நுழைவுத் தேர்வு ஸ்கோர் வச்சு வாங்குற ஏஐசிடிஇ ஸ்காலர்ஷிப், மாசம் 12,400, அதுக்கும் இங்க வர வேண்டியதில்ல, அது தனி போர்ட்டல், காலேஜ்தான் மொதல்ல ஐடி போட்டுத் தரணும்.

ரேட்டு அப்ளிகேஷனுக்கு 120 வாங்குச்சு, ஸ்கேன், பிரின்ட் தனி. பில் கிடையாது, ஜிபே உண்டு. திருப்பி அனுப்புனதுக்கு ஒரு பைசா வாங்கல. சப்மிட் பண்ணுன பிரின்ட் அவுட்ல காலேஜ் நோடல் ஆபிசர் (ஸ்காலர்ஷிப் பொறுப்புல இருக்கவரு) பார்க்க வேண்டிய எடத்த பென்சில்ல வட்டம் போட்டுக் குடுத்துச்சு, அவங்க லெவல் ஒன், அதான் மொத கட்ட வெரிபை பண்ணலைன்னா அப்ளிகேஷன் அங்கயே கெடக்கும், கடைசி தேதி அவங்களுக்கும் தனியா ஒண்ணு இருக்கு. டிபெக்ட்னு வந்தா பயப்படாதீங்க, திருத்தி மறுபடி அனுப்பலாம், ரிஜெக்ட்னு வந்தாத்தான் கதை முடிஞ்சது. அதனால வாரம் ஒருக்கா நீங்களே லாகின் பண்ணிப் பாருங்க.

காலையில பத்து மணிக்கு முன்னாடி போனா கூட்டம் இல்ல, ஞாயித்துக்கெழம மதியத்தோட கடை சாத்திரும். மாசாமாசம் கரண்ட் நிப்பாட்டுற அன்னைக்கு மட்டும் போயிராதீங்க, யுபிஎஸ் பேட்டரி போயி ரொம்ப நாளாச்சு.