டீன்ஏஜ் பிள்ளைகளுக்கான மனநல கிளினிக்: எங்கள் அனுபவம்

மகளுக்கு 14 வயதில் டிப்ரஷன் என்றார்கள். 16 வயதில் இந்த கிளினிக் டாக்டரம்மா பைபோலார் (மனநிலை சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகமாகவும் சில காலம் டிப்ரஷனாகவும் மாறும் நோய்) என்று எழுதினார். "ஆளுக்கொரு பேர் சொல்றாங்க, எதை நம்புறது?" என்றார் என் மாமியார். நியாயமான கேள்விதான். அதற்கு இங்கே பதில் கிடைத்தது.

முன்பு பார்த்த இடத்தில் ஐந்தே நிமிடத்தில் ஃப்ளூயோக்ஸெட்டின் என்ற டிப்ரஷன் மாத்திரையை எழுதி அனுப்பிவிட்டார்கள். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே முதல் கேள்வியே அதுதான். என் தம்பி வருடக்கணக்கில் லித்தியம் (பைபோலாருக்குக் கொடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறான் என்றதும் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார்.

அந்தச் சமயம் அவள் ராத்திரியெல்லாம் தூங்காமல் மொட்டை மாடி முழுக்கக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். களைப்பே கிடையாது. அப்படியும் டாக்டர் அன்றைக்கே முடிவு சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தி, தூக்கத்துக்கு மட்டும் மருந்து கொடுத்தார். "அந்த மாத்திரையே சிலரை இப்படிக் கிளப்பிவிடும்மா. நிறுத்தினாலும் சில வாரம் உடம்பில் இருக்கும். அது போன பிறகும் இப்படியே இருக்காளான்னு பார்க்கணும்" என்றார். இருந்தாள். பைபோலார் பலருக்கு முதலில் டிப்ரஷனாகத்தான் வருமாம். முதல் டாக்டர் பார்த்ததும் பொய்யில்லை, அப்போது பாதிதான் வெளியே தெரிந்தது என்று விளக்கினார்.

தூங்கிய நேரத்தையும் மனநிலையையும் மாதக் காலண்டர் கட்டங்களில் தினமும் குறிக்கச் சொல்கிறார். போனால் முதலில் அதைத்தான் வாங்கிப் பார்ப்பார். லித்தியம் தொடங்கும் முன் தைராய்டு, கிட்னி டெஸ்ட் எடுத்தார். ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க, ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். இதை நர்ஸே பொறுமையாகச் சொல்லித் தருகிறார். இப்போதும் ஃபைலில் பைபோலாருக்குப் பக்கத்தில் "ஆறு மாதத்தில் மறுபரிசீலனை" என்று எழுதியிருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

குறையும் உண்டு. டோக்கன் நேரம் சும்மா பேருக்குத்தான். சனிக்கிழமை போனால் அரை நாள் போச்சு. போனை எடுக்கவே மாட்டார்கள்.

5-க்கு 4. பழைய சீட்டு, மாத்திரை அட்டை எதையும் விடாமல் எடுத்துப் போங்கள், எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கேட்பார்.