கண்ட சாட்சியா, சூழ்நிலைச் சாட்சியமா?

குலசேகரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ரப்பர் ஷீட் (ரப்பர் பாலை உறையவைத்துச் செய்யும் தகடு) திருட்டு என்று வைத்துக்கொள்வோம். நேரில் பார்த்தவர் இருந்தால், நாகர்கோவில் அமர்வு நீதிமன்ற மேல்முறையீட்டில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அவரை நம்பலாமா? இருட்டு, தூரம், முன்பகை எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

பார்த்தவர் இல்லையென்றால் சூழ்நிலைச் சாட்சியம்தான், அதாவது சுற்றியுள்ள உண்மைகளிலிருந்து குற்றத்தை ஊகிப்பது; அது கடினம். 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒவ்வொரு சூழ்நிலையும் நிரூபணமாகி, குற்றமற்றவர் என்ற முடிவுக்கு இடமே தராத சங்கிலியாக வேண்டும். இரண்டு வகையிலும் அளவுகோல் ஒன்றே: நியாயமான சந்தேகத்துக்கு அப்பால். தடுமாறும் கண்சாட்சியைவிட அறுபடாத சங்கிலியையே நான் நம்புவேன்.

திருடுபோன சில நாட்களுக்குள் பொருள் ஒருவர் கையில் இருந்து, அவர் விளக்கமும் தராவிட்டால், திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என நீதிமன்றம் அனுமானிக்கலாம், கட்டாயமில்லை. ஆனால் எல்லா ஷீட்டும் ஒன்றுபோல் இருக்கும்போது, அது அந்தத் தோட்டத்துடையதுதான் என்பதை முதலில் அரசுத்தரப்பு காட்டியாக வேண்டும்.