டைல்ஸ் மேலேயே புதுத் தரை போட்டோம், ஆறு மாதம் ஆச்சு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு ஹாலில் அப்பா காலத்துப் பழுப்பு டைல்ஸ். பெயர்த்தால் ஒரு வாரத்துக்குத் தூசி, அம்மாவுக்கோ ஆஸ்துமா. அதனால் டர்பனில் ஒரு கடையில் பேசி, டைல்ஸ் மேலேயே எஸ்பிசி வினைல் பலகை (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த தரைப் பலகை) போடச் சொன்னோம். பசை கிடையாது, பலகைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு தரை மேல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

முதல் நாள் வந்த பெரியவரின் வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. பையிலிருந்து ஐந்து ராண்டு காசை எடுத்து, குந்தியபடியே ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டு போனார். கெட்டியானது 'டிக்' என்றது, அடியில் பிடிப்பு விட்டது பானையைத் தட்டினாற்போல் கேட்டது. அப்படி ஏழு டைல் சிக்கின, எல்லாவற்றையும் பெயர்த்துக் கலவை போட்டு அடைத்தார். அப்புறம் 2 மீட்டர் மட்டக்கோலை வைத்து, 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்த இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். டைலின் வழவழப்பில் கலவை பிடிக்காது, முதலில் பிரைமர் என்கிற பிடிப்புப் பூச்சு அடித்தே ஆகவேண்டும் என்று சொல்லி ஹால் முழுக்க அடித்துச் சமப்படுத்திவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. வந்த இரண்டு பையன்களும் படுக்கையறைப் பக்கத்து நடையில் டைல் இடுக்குகளை நிரப்பாமல் அப்படியே பலகையை மாட்டிவிட்டார்கள், கண்ணாடிக் கதவோரம் இடைவெளியும் விடவில்லை. சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் விடவேண்டும், வெயிலில் பலகை விரியுமே. நம் ஊர் ஜனவரிக் கோடை வெயில் தெரியாதா? தைப்பூசக் காவடிக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது கதவோரம் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. சித்தி தடுக்கி விழப் பார்த்தார்.

கடைக்காரர்களைக் குறை மட்டும் சொல்லக்கூடாது, போன் செய்த மூன்றாம் நாளே வந்து ஓரத்தை அறுத்துச் சரிசெய்தார்கள், காசு கேட்கவில்லை. ஆனால் தரை உயர்ந்ததால் மூன்று கதவுகளின் அடியை இழைக்க வேண்டிவந்தது, அது தனிக் கூலி என்று முன்னாலேயே யாரும் சொல்லவில்லை. சமையலறை அலமாரிக்கு அடியில் பலகையைக் கொண்டுபோக வேண்டாம் என்று நானே தடுத்தேன், மேலே அவ்வளவு பாரம் ஏறினால் பலகை விரியும்போது நகர முடியாது.

பலகையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளக்கு எண்ணெய் சிந்தினால் ஒரு துணியில் போய்விடுகிறது, அம்மாவுக்குக் கால் சில்லிடுவதில்லை. போடுகிறவர்களை மட்டும் இரண்டாம் நாளும் பக்கத்தில் நின்று பாருங்கள், நான் வேலைக்குப் போய்விட்டேன்.

நடையில் கால் வைத்தால் இன்னும் 'கிளிக்' என்கிறது. ராத்திரி யார் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் வீட்டுக்கே தெரிந்துவிடும்.